செய்வினை, பரம்பரைச் சாபம் என்று பயமுறுத்துகிறார்கள்: விசுவாசிக்கு நீதியும் பாதுகாப்பும் எங்கிருந்து வரும்?

சிங்கப்பூரின் செங்காங்கில் வசிக்கும் ஒரு சகோதரி நீளமாகக் கேட்டிருக்கிறார். சுருக்கிச் சொன்னால் இவ்வளவுதான். திருமணத்துக்குப் பிறகு விசுவாசத்துக்கு வந்தவர், ஞானஸ்நானம் பெற்றவர். கணவர் சபைக்கு வருவதில்லை. ஆட்குறைப்பில் வேலை போய் வீட்டில் இருக்கிறார். ஐந்து வயது மகன் நடு இரவில் அலறி எழுந்துகொள்கிறான். "யாரோ ஏதோ செய்துவிட்டார்கள்" என்று சொல்லி மாமியார் பேரன் கையில் கறுப்புக் கயிறு கட்டியிருக்கிறார். இன்னொரு பக்கம், வெளியூரிலிருந்து வந்த ஊழியர் ஒருவர் "உங்கள் குடும்பத்தில் பரம்பரைச் சாபம் இருக்கிறது" என்று கூறி, விசேஷ ஜெபத்துக்கும் நிலைக்கதவில் பூசும் எண்ணெய்க்குமாக 150 வெள்ளி காணிக்கை கேட்கிறார். இவற்றுக்கு நடுவே சகோதரியின் மனத்தில் பழைய பாவம் ஒன்று உறுத்திக்கொண்டே இருக்கிறது. "நான் நீதிமானாக இல்லாததால்தான் எங்களுக்குப் பாதுகாப்பு இல்லையா? நீதி எப்படிக் கிடைக்கும், பாதுகாப்பு எப்படிக் கிடைக்கும்?" இதுதான் கேள்வி.

சகோதரி, அந்தப் பணத்தை அனுப்பாதீர்கள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தப் பதில் நீளமானது, நீங்கள் படித்து முடிப்பதற்குள் அந்த ஊழியர் மறுபடி தொலைபேசியில் அழைத்துவிடக்கூடும். மற்றதை நிதானமாகப் பார்ப்போம்.

நீதிக்கும் பாதுகாப்புக்கும் தொடர்பு உண்டு என்று நீங்கள் நினைப்பது சரிதான். வரிசைதான் தலைகீழாக இருக்கிறது. "நான் நல்லவளாக இருந்தால் கர்த்தர் காப்பார், தவறிவிட்டால் கைவிடுவார்" என்பது நம் பாட்டிமார் காலத்திலிருந்து நம் வீடுகளில் ஓடுகிற கணக்கு. கிறிஸ்தவர்களான பிறகும் அந்தக் கணக்குப் புத்தகத்தை நாம் மூடுவதில்லை, மேலட்டையை மட்டும் மாற்றிக்கொள்கிறோம். வேதம் சொல்வது வேறு. நீதியைத் தேவனே தருகிறார். அவர் தருகிற அந்த நீதிதான் பாதுகாப்பு. எபேசியர் 6ஆம் அதிகாரத்தில் பவுல் ஆயுதவர்க்கத்தை, அதாவது விசுவாசி தரிக்கவேண்டிய போர்க்கவசங்களை, வரிசைப்படுத்தும்போது நெஞ்சை மூடுகிற மார்க்கவசத்துக்கு நீதி என்றே பெயர் வைக்கிறார். நீதி ஒரு பக்கம், பாதுகாப்பு இன்னொரு பக்கம் என்று பிரித்துவிட்டால், அந்த இடைவெளியில்தான் எண்ணெய் வியாபாரம் கடை போடும்.

ஆபிரகாமிலிருந்து தொடங்குவோம், பவுலும் அங்கேதான் தொடங்குகிறார். "அவன் கர்த்தரை விசுவாசித்தான், அதை அவர் அவனுக்கு நீதியாக எண்ணினார்" என்று ஆதியாகமம் 15ஆம் அதிகாரம் சொல்கிறது. அப்போது அவர் செய்து காட்டியது என்ன? ஒன்றுமில்லை. பிள்ளையில்லாத முதியவர், வானத்து நட்சத்திரங்களைக் காட்டித் தரப்பட்ட வாக்கை நம்பினார், அவ்வளவே. அவர் விருத்தசேதனம் பண்ணிக்கொண்டது 99ஆம் வயதில். நீதிமானாக எண்ணப்பட்டது அதற்குக் குறைந்தது 13 ஆண்டுகள் முன்பே. ரோமர் 4ஆம் அதிகாரத்தில் பவுல் இந்தக் காலக்கணக்கை வைத்துத்தான் வாதாடுகிறார். சடங்கு பின்னால் வந்தது, நீதி முன்னால் வந்தது. ஞானஸ்நானம், உபவாசம், காணிக்கை, எல்லாமே பின்னால் வரவேண்டியவைதான்.

சிங்கப்பூரில் பள்ளிப் பிள்ளையாக இருந்தவர்களுக்கு இது எளிதில் இறங்குவதில்லை. தொடக்கநிலை இறுதித் தேர்விலிருந்தே நமக்கு ஒன்றைச் சொல்லி வளர்க்கிறார்கள்: தகுதிக்கு ஏற்றதுதான் கிடைக்கும். நாட்டை நடத்த அது நல்ல கொள்கையாக இருக்கலாம். அதைத் தேவனுடைய சமுகத்துக்கும் கொண்டுபோனால் இரண்டில் ஒன்று நடக்கும். ஒன்று, லூக்கா 18ஆம் அதிகாரத்துப் பரிசேயனைப்போல், வாரத்தில் இரண்டுமுறை உபவாசிக்கிறேன், தசமபாகம் செலுத்துகிறேன் என்று மதிப்பெண் பட்டியலை வாசிப்போம். அல்லது உங்களைப்போல், பட்டியலில் உள்ள ஒரு பழைய சிவப்புக் கோட்டையே பார்த்துப் பார்த்துக் கூசிப்போவோம். "தேவனே! பாவியாகிய என்மேல் கிருபையாயிரும்" என்று மார்பில் அடித்துக்கொண்ட ஆயக்காரன்தான், வரி வசூலிப்பவன்தான், நீதிமானாக்கப்பட்டவனாய் வீட்டுக்குத் திரும்பினான் என்கிறார் இயேசு. அவன் ஆயக்காரத் தொழிலை விட்டுவிட்டு அடுத்த மாதம் வந்து காட்டிய பிறகு அல்ல, அன்றைக்கே.

உங்கள் நிலையை அப்படியே படம்பிடித்த வேதப்பகுதி ஒன்று உண்டு. சபைகளில் அதிகம் பிரசங்கிக்கப்படாதது, சகரியா 3ஆம் அதிகாரம். பிரதான ஆசாரியனாகிய யோசுவா கர்த்தருடைய தூதனுக்கு முன் நிற்கிறார். உடுத்தியிருப்பது அழுக்கு வஸ்திரம். வலது பக்கத்தில் சாத்தான், குற்றஞ்சாட்டுவதற்காக. சாத்தான் இங்கே பொய் சொல்லவில்லை என்பதைப் பாருங்கள். வஸ்திரம் உண்மையிலேயே அழுக்காகத்தான் இருக்கிறது. யோசுவாவும் மறுத்துப் பேசவில்லை. அந்த அதிகாரம் முழுவதும் அவர் வாயே திறக்கவில்லை. பேசுவது கர்த்தர். "இவன் அக்கினியினின்று தப்புவிக்கப்பட்ட கொள்ளி அல்லவா" என்று சாத்தானைக் கடிந்துகொள்கிறார். பிறகு அழுக்கு வஸ்திரத்தைக் களைந்து வேறு வஸ்திரம் உடுத்தச் சொல்கிறார், தலையில் சுத்தமான பாகை வைக்கச் சொல்கிறார். குற்றஞ்சாட்டுகிறவனுக்கு அதற்குமேல் அங்கே வேலை இல்லை.

நீதியும் பாதுகாப்பும் ஒரே இடத்தில் நடப்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் பகுதியை நான் அறியேன். விசுவாசியை நோக்கிச் சத்துரு எறிகிற பெரிய அம்பு செய்வினை அல்ல, குற்றச்சாட்டு. "நீ செய்தது உனக்குத் தெரியும், உனக்கு எப்படி ஜெபம் கேட்கப்படும்" என்று இரவு 2 மணிக்கு உங்களிடம் சொல்கிற குரல் அதுதான். வெளிப்படுத்தின விசேஷம் 12ஆம் அதிகாரம் அவனுக்கு வைக்கிற பெயரும் சகோதரர்மேல் இரவும் பகலும் குற்றஞ்சாட்டுகிறவன் என்பதே. அவனை ஜெயித்தது எதனால் என்றும் அங்கேயே இருக்கிறது: ஆட்டுக்குட்டியின் இரத்தத்தினால்.

நியாயாதிபதி இப்படிக் குற்றவாளியை விடுவித்தால் அது நீதியாகுமா என்று படித்தவர்கள் கேட்பார்கள். கேட்கவேண்டிய கேள்வி அது. கிறிஸ்தவம் சொல்லும் பதில் சிலுவை. பாவம் கண்டுகொள்ளாமல் விடப்படவில்லை, வேறொருவர்மேல் சுமத்தப்பட்டது. "நாம் அவருக்குள் தேவனுடைய நீதியாகும்படிக்கு, பாவம் அறியாத அவரை நமக்காகப் பாவமாக்கினார்" என்கிறது 2 கொரிந்தியர் 5:21. ஆகவே உங்கள் மன்னிப்பு தேவனுடைய இளகிய மனத்தை மட்டும் நம்பி நிற்கவில்லை, அவருடைய நீதியின்மேலேயே நிற்கிறது. 1 யோவான் 1:9 பாவங்களை அறிக்கையிட்டால் மன்னிப்பதற்கு அவர் "உண்மையும் நீதியும்" உள்ளவர் என்று சொல்வது இதனால்தான்.

இதெல்லாம் ஒரு சபைப் பிரிவின் போதனை மட்டும்தானா என்று உங்கள் கத்தோலிக்கத் தோழி கேட்கக்கூடும். ஓஃபிர் ரோட்டில் 1888இல் திறக்கப்பட்ட லூர்து மாதா ஆலயமும், ஷார்ட் ஸ்திரீட் தமிழ் மெதடிஸ்ட் சபையும் நடந்துபோகிற தூரத்தில்தான் இருக்கின்றன. நம் முன்னோர் காலத்தில் இந்த இரண்டுக்கும் நடுவே இருந்த தூரம் கால்நடையில் அளக்கக்கூடியதல்ல. ஆனால் 1999 அக்டோபர் 31 அன்று ஜெர்மனியின் அவுக்ஸ்பர்க் நகரில் கத்தோலிக்கத் திருச்சபையும் உலக லுத்தரன் சம்மேளனமும் மனிதன் நீதிமானாக்கப்படுவது குறித்து ஒரு கூட்டறிக்கையில் கையெழுத்திட்டன. நம்முடைய தகுதியால் அல்ல, கிருபையால் மட்டுமே, கிறிஸ்துவின் மீட்புச் செயலில் வைக்கும் விசுவாசத்தினால் ஏற்றுக்கொள்ளப்படுகிறோம் என்பது அதன் சாரம். 2006இல் மெதடிஸ்டுகளின் உலக மன்றமும் அதில் இணைந்தது. வேறுபாடுகள் இன்னும் இருக்கின்றன. உங்கள் கேள்விக்கான பதிலில் அவை குறுக்கே வரவில்லை.

மெதடிஸ்ட் என்றதும் அந்த இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி நினைவுக்கு வருகிறார். குருவாகி, அமெரிக்காவின் ஜார்ஜியாவுக்கு மிஷனெரியாகவும் போய்வந்த மனிதர், கட்டுப்பாடான ஜெபமும் உபவாசமும் உள்ளவர், ஆனாலும் சமாதானம் இல்லாதவர். 1738 மே 24 மாலை லண்டனில் ஒரு சிறு கூட்டத்தில், ரோமருக்கு எழுதின நிருபத்துக்கு லுத்தர் எழுதிய முன்னுரையை யாரோ வாசிக்கக் கேட்டபோதுதான், கிறிஸ்து என் பாவங்களையும் எடுத்துப்போட்டார் என்ற நிச்சயம் அவருக்குள் வந்தது. நீங்கள் ஒன்றும் தாமதமாக வந்தவர் அல்ல.

சரி, இலவசமாகக் கிடைத்த நீதி என்றால் எப்படியும் வாழலாமா? கூடாது. "கிரியைகளில்லாத விசுவாசமும் செத்ததாயிருக்கிறது" என்று யாக்கோபு எழுதியதைப் பவுலுக்கு எதிராக நிறுத்தவேண்டியதில்லை. விசுவாசம் வேர், கிரியை கனி. இங்கே நம் ஆட்களைப்பற்றி ஒன்று சொல்லவேண்டும். நிலைக்கதவில் எண்ணெய் பூசி, சங்கீதம் 91ஐச் சட்டம்போட்டு மாட்டியிருக்கும் சில வீடுகளில் பணிப்பெண்ணுக்கு ஓய்வுநாள் கிடைப்பதில்லை. வாரத்துக்கு ஒரு நாள் ஓய்வு என்ற சட்டம் 2013இல் வந்தது. அந்த நாளுக்குப் பதில் கூடுதல் பணம் கொடுத்தே சமாளித்தவர்கள் இருந்ததால், மாதத்தில் ஒரு நாளையாவது பணத்தால் ஈடுகட்ட முடியாது, கொடுத்தே ஆகவேண்டும் என்று 2023 முதல் விதி வைக்கவேண்டியதாயிற்று. மார்க்கவசம் நீதி என்றால், அந்தப் பெண்ணின் ஞாயிற்றுக்கிழமையும் அதில் அடக்கம். கூலியைப் பிடித்து வைப்பவர்களைப்பற்றி யாக்கோபு 5ஆம் அதிகாரம் பேசுகிற தொனியைப் படித்துப் பாருங்கள்.

இப்போது பரம்பரைச் சாபம். பிதாக்களின் அக்கிரமத்தை மூன்றாம் நான்காம் தலைமுறைமட்டும் விசாரிப்பேன் என்ற யாத்திராகமம் 20:5ஐத்தான் அந்த ஊழியர் உங்களுக்குக் காட்டியிருப்பார். அதே வசனத்தில் "என்னைப் பகைக்கிறவர்கள்" என்று இருப்பதையும், அடுத்த வசனம் ஆயிரம் தலைமுறைக்கு இரக்கம் செய்வதைப்பற்றிச் சொல்வதையும் காட்டினாரா? எசேக்கியேல் 18ஆம் அதிகாரத்தில் இஸ்ரவேலர் இதே புலம்பலைத்தான் புலம்புகிறார்கள்: பிதாக்கள் திராட்சக்காய்களைத் தின்றார்கள், பிள்ளைகளின் பற்கள் கூசிப்போயின. இனி இந்தப் பழமொழியைச் சொல்லவே கூடாது என்று கர்த்தர் ஆணையிட்டுத் தடுக்கிறார். பிறவிக்குருடனைக் காட்டி, இவன் செய்த பாவமா, இவனைப் பெற்றவர்கள் செய்த பாவமா என்று சீஷர்கள் கேட்டபோது இயேசு இரண்டும் இல்லை என்றார். எஞ்சியிருக்கிற எந்தச் சாபத்தையும்பற்றிக் கலாத்தியர் 3:13 முடித்துவிடுகிறது. கிறிஸ்து நமக்காகச் சாபமாகி மீட்டுக்கொண்டார். முடித்துவைத்த வழக்கை மறுபடி திறக்க 150 வெள்ளி கட்டணம் கேட்பவருக்கு என்ன பெயர் என்று உங்களுக்கே தெரியும்.

எண்ணெய் பூசி ஜெபிப்பது தவறா என்றால், இல்லை. யாக்கோபு 5:14 வியாதிப்பட்டவனுக்குச் சபை மூப்பர் அப்படிச் செய்யலாம் என்கிறது. உங்கள் சபை மூப்பர், உங்கள் வீட்டுக்கு வந்து, காசு வாங்காமல். பரிசுத்த ஆவியின் வல்லமையைப் பணம் கொடுத்து வாங்க வந்த சீமோனுக்குப் பேதுரு சொன்ன பதில் அப்போஸ்தலர் 8ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. அதை இங்கே எழுதினால் கடுமையாக இருக்கும், நீங்களே வாசித்துக்கொள்ளுங்கள்.

பாதுகாப்பைப்பற்றிப் பவுல் எழுதியது எபேசு ஊர்ச் சபைக்கு என்பதை மறந்துவிடக்கூடாது. தியானாள் கோயிலுக்கும் மாயவித்தைக்கும் பேர்போன ஊர். அப்போஸ்தலர் 19ஆம் அதிகாரத்தில் அங்கே இரண்டு காரியங்கள் நடக்கின்றன. ஸ்கேவாவின் குமாரர் ஏழுபேர் இயேசுவின் பெயரை ஒரு மந்திரச்சொல்லாக எடுத்துப் பிசாசு ஓட்டப் பார்க்கிறார்கள். "இயேசுவை அறிவேன், பவுலையும் அறிவேன், நீங்கள் யார்" என்று கேட்ட பொல்லாத ஆவி அவர்களை அடித்து, ஆடையில்லாமல் வீட்டைவிட்டு ஓடவைக்கிறது. அதைக் கண்டு பயந்து, ஏற்கெனவே விசுவாசித்தவர்களே தாங்கள் ஒளித்து வைத்திருந்த மாயவித்தைப் புத்தகங்களைக் கொண்டுவந்து எரிக்கிறார்கள். மதிப்பு 50,000 வெள்ளிக்காசு. ஒரு காசு ஏறக்குறைய ஒரு நாள் கூலி என்றால் எவ்வளவு பெரிய தொகை என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். விசுவாசத்துக்கு வந்த பிறகும் எதற்கும் இருக்கட்டும் என்று அலமாரியில் வைத்திருந்தவர்கள் நாம் மட்டும் இல்லை என்று தெரிகிறது.

அந்த ஊர்ச் சபைக்குத்தான் பவுல் ஆயுதவர்க்கத்தை எழுதுகிறார். தாயத்து ஒன்று, தகடு ஒன்று என்று பழகியவர்களுக்கு அவர் கொடுப்பது என்ன? சத்தியம் இடுப்பில் கச்சை, நீதி மார்க்கவசம், சமாதானத்தின் சுவிசேஷத்துக்குரிய ஆயத்தம் காலில் பாதரட்சை, விசுவாசம் கேடகம், இரட்சணியம் தலைச்சீரா, தேவவசனம் பட்டயம். கையில் எடுத்துக் கட்டிக்கொள்ளக்கூடிய பொருள் ஒன்றுகூட இல்லை. இந்த மார்க்கவசமும் தலைச்சீராவும் ஏசாயா 59:17இல் கர்த்தர்தாமே தரித்துக்கொள்கிறவை. தம்முடையதைக் கழற்றி நமக்கு மாட்டிவிடுகிறார். பவுல் மீண்டும் மீண்டும் சொல்கிற கட்டளை "நில்லுங்கள்" என்பதுதான். பிசாசைத் தேடிப் போய்க் கட்டிப்புரளச் சொல்லவில்லை. கிறிஸ்து ஜெயித்த இடத்தில் நின்றால் போதும்.

காப்புப்பொருள்மேல் நம்பிக்கை வைப்பது கயிற்றில் மட்டும் நடப்பதில்லை என்பதால் இன்னும் கொஞ்சம் சொல்லவேண்டும். 1 சாமுவேல் 4ஆம் அதிகாரத்தில் இஸ்ரவேலர் உடன்படிக்கைப் பெட்டியையே போர்க்களத்துக்குத் தூக்கிக்கொண்டு போகிறார்கள், அது இருந்தால் தோற்கமாட்டோம் என்று. 30,000 காலாட்கள் விழுந்தார்கள், பெட்டியும் பறிபோனது. மோசே உண்டாக்கிய வெண்கலச் சர்ப்பம் தேவன் சொல்லிச் செய்ததுதான். பிற்காலத்தில் ஜனங்கள் அதற்குத் தூபம் காட்டத் தொடங்கியபோது எசேக்கியா ராஜா அதை உடைத்துப்போட்டார். பரிசுத்தமான பொருளே தாயத்தாக மாறும்போது இந்தக் கதி என்றால், தலையணைக்கு அடியில் வைத்திருக்கும் வேதாகமத்தையும் காரில் தொங்கும் சிலுவையையும் எந்த மனத்தோடு வைத்திருக்கிறோம் என்று நாம் யோசிக்கவேண்டும். திறக்காத வேதாகமம் தலையணைக்கு அடியில் இருந்து யாரையும் காக்காது.

சங்கீதம் 91க்கும் இது பொருந்தும். "உன்னதமானவரின் மறைவிலிருக்கிறவன் சர்வவல்லவருடைய நிழலில் தங்குவான்." எனக்கும் மனப்பாடமான சங்கீதம், மகனுக்குக் கற்றுக்கொடுங்கள். ஆனால் வனாந்தரச் சோதனையில் இயேசுவிடம் இதே சங்கீதத்தை எடுத்துச் சொன்னது யார்? சாத்தான். தேவாலயத்து உப்பரிகையில் நிறுத்தி, தாழக்குதியும், தூதர்கள் ஏந்திக்கொள்வார்கள் என்றான். தேவனைப் பரீட்சை பாராதிருப்பாயாக என்று இயேசு மறுத்துவிட்டார். 2020 ஏப்ரலில் கொவிட் தொற்று வெளிநாட்டு ஊழியர் தங்குவிடுதிகளில் பரவியபோது இந்தச் சங்கீதம் நம் தமிழர் கைப்பேசிகளில் எத்தனை முறை சுற்றியிருக்கும்! அதை நம்பி ஜெபித்த தம்பிமார் பலருக்கும் காய்ச்சல் வந்தது. சங்கீதம் பொய்த்துவிட்டதா? காய்ச்சலே வராது என்ற ஒப்பந்தமாக அதை வாசித்தவர்களுக்குப் பொய்த்துவிட்டது. அந்த நிழலில் தங்கியவர்களுக்குப் பொய்க்கவில்லை.

இதை நம் ஊரிலேயே ஒருவர் தம் உடம்பில் காட்டியிருக்கிறார். ஜப்பானியர் ஆட்சிக்காலத்தில் சிங்கப்பூரின் ஆங்கிலிக்கன் பேராயராக இருந்தவர் லெனர்ட் வில்சன். 1943 செப்டம்பர் கடைசியில் துறைமுகத்தில் ஜப்பானியக் கப்பல்கள் வெடிவைத்துத் தாக்கப்பட்டன. சாங்கி சிறையில் அடைபட்டிருந்தவர்கள்தான் உளவு சொன்னார்கள் என்று சந்தேகப்பட்ட ஜப்பானிய இராணுவப் போலீசான கெம்பெய்தாய், அக்டோபரில் அங்கிருந்து பலரை இழுத்துப்போனது. அவர்களில் பேராயரும் ஒருவர். அவரைக் கட்டிவைத்து மணிக்கணக்கில் அடித்தார்கள். நடுவில், இன்னமும் கடவுளை நம்புகிறாயா என்று கேட்டார்கள். நம்புகிறேன் என்றார். அப்படியானால் உன் கடவுள் ஏன் உன்னைக் காப்பாற்றவில்லை என்றார்கள். காப்பாற்றிக்கொண்டுதான் இருக்கிறார், வலியிலிருந்து விடுவித்து அல்ல, தாங்குகிற ஆவியைத் தந்து என்பது அவர் பதில். போருக்குப் பிறகு 1946இல் ஒரு வானொலிப் பிரசங்கத்தில் அவரே இதைச் சொன்னார். அவர் சிங்கப்பூருக்குத் திரும்பியபின் நடந்தது இன்னும் பெரிது. அவரைச் சித்திரவதை செய்தவர்களில் ஒருவர் கிறிஸ்துவை ஏற்றுக்கொண்டார், அந்த மனிதருக்குத் திடப்படுத்தல் ஆராதனை நடத்தி வைத்தவர் அதே பேராயர். அடித்தவன்மேல் பகை தங்காதபடி அவர் உள்ளம் காக்கப்பட்டிருந்தது. மார்க்கவசம் எதைக் காக்கும் என்று யாராவது கேட்டால் நான் இந்தச் சம்பவத்தைத்தான் சொல்வேன்.

பேதுருவுக்கும் இயேசு கொடுத்த பாதுகாப்பு இவ்வகைதான். சாத்தான் உங்களைச் சுளகில் புடைக்க உத்தரவு கேட்டான் என்றவர், புடைப்பதைத் தடுத்துவிட்டேன் என்று சொல்லவில்லை. "உன் விசுவாசம் ஒழிந்துபோகாதபடிக்கு நான் உனக்காக வேண்டிக்கொண்டேன்" என்றார். தானியேலின் நண்பர்கள் அக்கினிச்சூளை முன் நின்று, எங்கள் தேவன் தப்புவிக்க வல்லவர், விடுவிக்காமற்போனாலும் உம்முடைய சிலையைப் பணியமாட்டோம் என்றார்களே, அந்த "விடுவிக்காமற்போனாலும்" இல்லாத விசுவாசம் ஆறு மாதம் வேலை கிடைக்காவிட்டால் ஆட்டம் கண்டுவிடும். கர்த்தர் ஆபத்தையே தடுக்கிற நாட்களும் உண்டு. அவற்றுக்காக நன்றி சொல்கிறோம். அதை மட்டுமே பாதுகாப்பு என்று அழைத்தால் இரத்தசாட்சிகள் எல்லாரையும் தேவன் கைவிட்டார் என்றாகிவிடும்.

இனி வீட்டு விஷயங்கள். மாமியார் கட்டிய கயிற்றால் உங்கள் பாதுகாப்பு அறுந்துவிடாது. "உலகத்திலிருக்கிறவனிலும் உங்களிலிருக்கிறவர் பெரியவர்" என்று 1 யோவான் 4:4 சொல்வதை நம்புகிறவர் ஒரு முழக் கயிற்றுக்குப் பயப்படவேண்டியதில்லை. மாமியார் கண்முன்னே அதைக் கத்தரித்து எறிந்தால் ஒரு பாட்டியின் பாசத்தைக் கத்தரித்ததாகவே அவர் எடுத்துக்கொள்வார். "அத்தை, இவனுக்காக நீங்கள் பயப்படுவது எனக்குப் புரிகிறது. நானும் பயப்படுகிறேன். நான் தினமும் ஜெபிக்கிறேன், நீங்களும் பக்கத்தில் வந்து உட்காருங்கள்" என்று சொல்லுங்கள். கயிற்றை எடுப்பதைப்பற்றிக் கணவர் மூலமாகப் பேசுவது நல்லது. சீன நாட்காட்டியின் ஏழாம் மாதத்தில் புளோக் கீழே சீன அண்டைவீட்டார் காகிதம் எரிக்கும்போது சிலர் மூக்கைப் பொத்திக்கொண்டு "பிசாசே அப்பாலே போ" என்று முணுமுணுத்துக்கொண்டே நடப்பதைப் பார்த்திருக்கிறேன். அது விசுவாசம் அல்ல, மரியாதைக்குறைவு. தங்கள் தாய் தகப்பனை நினைத்துச் செய்கிறார்கள். நீங்கள் அதில் பங்கெடுக்கவேண்டாம், இகழவும் வேண்டாம். சமய நல்லிணக்கத்துக்கு 1990இலேயே சட்டம் போட்ட ஊர் இது. சட்டம் இல்லாவிட்டாலும், பயமில்லாதவன் அடுத்தவரைப் பழிக்கவேண்டிய அவசியம் வராது.

மகனைப் பலதுறை மருந்தகத்துக்கு அழைத்துப் போங்கள். அந்த வயதில் தூக்கத்தில் அலறுவது பல பிள்ளைகளுக்கு வருவதுதான், பெரும்பாலும் வளர வளரத் தானே நின்றுவிடும். மருத்துவரிடம் போவது அவிசுவாசம் அல்ல, லூக்காவே வைத்தியர். அதைவிட முக்கியம், செய்வினை, சாபம், ஆவி என்ற பேச்சை அவன் காதுபட யாரும் பேசவேண்டாம். ஐந்து வயதுப் பிள்ளைக்குக் கனவு காண அதுவே போதும். படுக்கப் போகும்போது அவன் தலையில் கைவைத்துச் சத்தமாக, தமிழில், அவனுக்குப் புரிகிற சொற்களில் ஜெபியுங்கள். பிசாசின் பெயரே அதில் வரவேண்டாம்.

அந்தப் பழைய பாவம் என்ன என்று நீங்கள் எழுதவில்லை, எனக்கு அது தேவையும் இல்லை. தேவனிடம் பெயர் சொல்லி ஒருமுறை அறிக்கையிடுங்கள். யாருக்காவது திருப்பிக் கொடுக்கவேண்டியதோ மன்னிப்புக் கேட்கவேண்டியதோ இருந்தால், அநியாயமாக வாங்கியதைத் திருப்பிக் கொடுத்த சகேயுவைப்போல் செய்துவிடுங்கள். பிறகு சபையில் வாயடக்கமுள்ள ஒரு மூத்த சகோதரியிடம் சொல்லி அவரோடு ஜெபியுங்கள். இரகசியமாக இருக்கும்வரைதான் குற்றஞ்சாட்டுகிறவனுக்கு அது ஆயுதம். மறுபடி நினைவு வந்தால் மறுபடி மன்னிப்புக் கேட்காதீர்கள், நன்றி சொல்லுங்கள். "ஆக்கினைத்தீர்ப்பில்லை" என்ற ரோமர் 8:1ஐ அந்த நேரத்தில் வாய்விட்டு வாசியுங்கள்.

தனியாகப் போராடவும் வேண்டாம். எபேசியர் 6:18 ஆயுதவர்க்கத்தை முடிப்பதே எல்லாப் பரிசுத்தவான்களுக்காகவும் ஜெபிக்கச் சொல்லித்தான். ரோமப் போர்வீரர்களின் பெரிய கேடகம் பக்கத்தில் நிற்பவனின் கேடகத்தோடு சேர்த்துப் பிடிக்கும்போதுதான் முழுப்பலன் தந்தது. உங்கள் வட்டாரத்தில் நடக்கும் வீட்டு ஜெபக்கூட்டத்தில் சேர்ந்துகொள்ளுங்கள், வேலைக்குப் போகிறவர்களுக்கு ஏற்றபடி இரவிலும் நடத்துகிறார்கள்.

கணவரைச் சபைக்கு வரச்சொல்லி இப்போது நெருக்காதீர்கள். வேலை இழந்த மனிதர் ஏற்கெனவே வீட்டில் சிறுத்துப்போய் இருப்பார். சாபத்தால்தான் அவர் வேலை போனது என்று யாராவது அவர் காதில் போட்டிருந்தால், அது உண்மையில்லை என்று நீங்களே அவரிடம் சொல்லுங்கள். போதனையின்றி மனைவியின் நடக்கையினாலேயே ஆதாயப்படுத்தப்படும் கணவர்களைப்பற்றி 1 பேதுரு 3:1 பேசுகிறது. அந்த நடக்கை இந்த வாரம் எப்படி இருக்கலாம் என்றால், ஸ்கில்ஸ்ஃபியூச்சர் வேலை தேடுவோர் ஆதரவுத் திட்டம் என்று ஒன்று 2025 ஏப்ரலில் தொடங்கியது. விருப்பமில்லாமல் வேலை இழந்து, வருமான வரம்புக்கு உட்பட்டவர்களுக்கு ஆறு மாதங்களில் மொத்தம் 6,000 வெள்ளி வரை கிடைக்கும். அவருக்குத் தகுதி இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் அவரோடு உட்கார்ந்து விண்ணப்பத்தை நிரப்புங்கள்.